தண்ணீர்ப் பந்தல் பணம் 20,000 ரிங்கிட்: கிதுயி கிராமத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு போடலாமா?

செந்தூல்வாசி

அனைவருக்கும் வணக்கம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குத் திரட்டியதில் செலவு போக 20,000 ரிங்கிட் எங்கள் சங்கக் கணக்கில் இருக்கிறது. பத்துமலைக்கு நடந்து வந்தவர்களுக்கு மோர் ஊற்றியது போக மிஞ்சிய பணம், தண்ணீருக்கே போகட்டும் என்பது செயலவையின் எண்ணம்.

கென்யாவின் கிதுயி மாவட்டத்தில் ஒரு பெண்கள் சுயஉதவிக் குழுவோடு தொடர்பு கிடைத்திருக்கிறது. சுற்றிலும் ஏறக்குறைய 100 குடும்பங்கள். மழை பொய்த்தால் காய்ந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டி, குவளையால் மொண்டு மொண்டு 20 லிட்டர் கேன்களில் நிரப்பி, கழுதை மேல் நான்கு கேன்களாக ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கழுதை இல்லாத வீட்டில் பெண்களின் முதுகுதான்.

ஆழ்குழாய்க் கிணறும் சூரிய மோட்டாரும் போட்டு ஒரு பெயர்ப் பலகை வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அரிசியும் துணியும் அனுப்பலாம் என்று வேறு சிலர். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். இந்தத் தொகைக்கு எது முடியும், எது முடியாது? எதில் ஏமாந்து போவோம்?

செத்தாப்பாக் நீர்ப்பொறியாளர்

ஆழ்குழாய்க் கிணற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கிதுயியில் மண்ணுக்கு அடியில் இருப்பது பழைய படிகப் பாறை. அந்தப் பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். வெடிப்புத் தட்டாவிட்டால் 100 மீட்டர் துளைத்தாலும் கல்தூள்தான் மேலே வரும். தட்டினாலும் அந்த வட்டாரத்தில் பல கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய 5,000 டாலர். நிலத்தடி ஆய்வு, துளை, உறைக்குழாய், மோட்டார், சூரியத் தகடு என்று கூட்டினால் அதைப் போலப் பல மடங்கு ஆகும். மூன்றாம் வருடம் மோட்டார் எரிந்துபோனால் மாற்ற யாரிடம் பணம் இருக்கும்? சகாரா பாலைக்குத் தெற்கே உள்ள நாடுகளில் நான்கு கைப்பம்புகளில் ஒன்றாவது எந்த நேரமும் ஓடாமல் கிடக்கிறது என்பது இந்தத் துறையில் எல்லாரும் அறிந்த கணக்கு. பெரும்பாலும் பெரிய பழுதாகவும் இருக்காது. ஒரு ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், அதை விற்கும் கடை பக்கத்தில் இருக்காது, வாங்கப் பணம் வசூலிக்கும் ஆளும் இருக்கமாட்டார்.

அந்தப் பெண்கள் ஊற்றுத் தோண்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்களுக்கு வழி. அது மணற்கேணி. ஆறு காய்ந்த பிறகும் மணலுக்குள் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல ஆய்வறிக்கை கிடைக்காது. அந்த மணலின் ஆழத்தைக் கூட்டினால் தண்ணீரும் கூடும். கிதுயி, மச்சாக்கோஸ், மக்குவேனி மூன்று மாவட்டங்களிலும் மணல் அணைகள் நிறைய இருப்பது இதனால்தான்.

வேலை இப்படி: பருவ ஆற்றின் குறுக்கே, பாறை மேலே தெரிகிற அல்லது கொஞ்சம் தோண்டினால் தட்டுகிற இடத்தில், கல்லும் சிமெண்டும் வைத்துச் சுவர் எழுப்புகிறார்கள். வெள்ளம் வரும்போது மணலை அள்ளிக்கொண்டு வரும். கனமான மணல் சுவருக்குப் பின்னால் படியும், இலேசான வண்டல் சுவரைத் தாண்டிப் போய்விடும். ஒன்று முதல் மூன்று மழைப் பருவங்களில் பின்பக்கம் மணல் நிரம்பிவிடும். அந்த மணலின் இடுக்குகளில் நிற்பதுதான் நீங்கள் எடுக்கப்போகும் தண்ணீர். மணல்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே போனபின் வெயில் அதை உறிஞ்ச முடியாது. கொசுவும் முட்டையிட வழியில்லை.

எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே பார்க்கலாம். சுவரடியில் மணல் ஆழம் 3 மீட்டர், ஆற்றின் அகலம் 20 மீட்டர், மணல் பின்னோக்கி நிற்கும் நீளம் 300 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கி 6ஆல் வகுத்தால் 3,000 கன மீட்டர் மணல். ஆற்றுப் படுகை கிண்ணம் போலச் சரிந்தும் பின்னால் போகப்போக ஆழம் குறைந்தும் வருவதால்தான் 6ஆல் வகுக்கிறோம். நல்ல மணலில் 30 விழுக்காடு தண்ணீரை வெளியே எடுக்கலாம், அதாவது 900,000 லிட்டர். ஒரு வீட்டுக்கு நாளுக்கு ஐந்து கேன் என்றால் 100 வீட்டுக்கு 10,000 லிட்டர். மழை நின்ற நாளிலிருந்து 90 நாள் தாங்கும். இரண்டு மழைக்கும் நடுவில் ஆற்றுப் படுகை வழியாக மேலிருந்து ஊறி வருவது இந்தக் கணக்கில் சேராது.

எல்லாம் மணலைப் பொறுத்தது. அதனால் சிமெண்டு வாங்கும் முன் வாளிச் சோதனை. அடியில் அடைப்புள்ள 20 லிட்டர் வாளி ஒன்றில் அந்த ஆற்றின் காய்ந்த மணலைத் தலைதட்ட நிரப்பி, மேலே தண்ணீர் மின்னும் வரை ஊற்ற வேண்டும். பிறகு அடைப்பை எடுத்து, வடிகிற தண்ணீரை அளக்க வேண்டும். பருமணலில் 7 லிட்டரை ஒட்டி வரும். நடுத்தர மணலில் 5 லிட்டர். நுண்மணலில் 4க்குக் கீழே. வண்டலில் 1 லிட்டர்தான் சொட்டும், மீதியை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். 4க்குக் கீழே வந்தால் அந்த இடத்தில் அணை கட்டாதீர்கள், வேறு இடம் பாருங்கள்.

சுவருக்கு: 20 மீட்டர் நீளம், சராசரி 2 மீட்டர் உயரம், சராசரி 1 மீட்டர் தடிப்பு என்றால் 40 கன மீட்டர் கல்கட்டு. சிமெண்டு 1, மணல் 4 என்ற கலவையில் கன மீட்டருக்கு 50 கிலோ மூட்டை இரண்டரை முதல் மூன்று பிடிக்கும். ஆக 100 முதல் 120 மூட்டை. பூச்சும் அடித்தளமும் தனி. கல், மணல், கலவைக்குத் தண்ணீர், ஆள்பலம் எல்லாம் ஊர் தரும். அங்கே கூடிச் செய்யும் வேலைக்கு முவெத்யா என்று பெயர், காம்பா மக்களிடம் பல தலைமுறையாக இருக்கும் வழக்கம். வெளியிலிருந்து வரவேண்டியது சிமெண்டு, கம்பி, தேர்ந்த கொத்தனார், லாரி வாடகை, வடிவமைத்துக் கொடுக்கும் பொறியாளர். கென்ய நீர்வள ஆணையத்தின் அனுமதி இல்லாமல் ஆற்றில் கைவைக்கக் கூடாது. அதற்கான நாளையும் செலவையும் முன்னதாகவே ஒதுக்குங்கள். எல்லாம் கூட்டினால் உங்கள் தொகை மட்டும் முழு அணைக்குப் போதாது.

உடைந்துபோன அணைகளைப் பார்த்தால் பெரும்பாலும் சுவர் நடுவில் உடைந்திருக்காது. ஆறு சுவரின் ஓரத்தைச் சுற்றிக் கரையை அரித்துக்கொண்டு போயிருக்கும், சுவர் மட்டும் தனியாக நிற்கும். நடுவில் வெள்ளம் வழியும் வாய் குறுகலாக இருந்தாலும், இரண்டு பக்கமும் சுவரைக் கரைக்குள் சில மீட்டர் இறக்காவிட்டாலும் இதுதான் நடக்கும். வழிந்து விழும் தண்ணீர் அடியில் குழி பறிப்பது இன்னொன்று. அங்கே பெரிய கல் பரப்பிச் சிமெண்டில் பதிக்க வேண்டும். அடித்தளம் பாறையைத் தொடாமல் மணலிலேயே நின்றால் தண்ணீர் சுவருக்கு அடியில் நழுவிவிடும், மேலே எவ்வளவு அழகாகப் பூசியிருந்தாலும் சரி.

அங்கே இரண்டு மழை. மார்ச் முதல் மே வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்று. கிதுயியில் நம்பத்தக்கது இரண்டாவதுதான். ஜூன் முதல் செப்டம்பருக்குள் சுவரை முடித்துவிட வேண்டும்.

பட்டர்வொர்த் தம்பி

இதெல்லாம் வருடக்கணக்கில் ஆகுமே அண்ணே. பசி இப்போதே இருக்கிறது. ஒரு கொள்கலன் அரிசியும் நல்ல நிலையில் உள்ள துணியும் பினாங்கு துறைமுகத்திலிருந்து அனுப்பினால் உடனே பயன்படாதா?

ஜார்ஜ்டவுன் தானியக்கடை

தம்பி, உங்கள் அவசரம் நியாயமானது. ஆனால் கொள்கலன் மொம்பாசா போய், சுங்கம் தாண்டி, அங்கிருந்து லாரியில் கிதுயி போய்ச் சேருவதற்குள் பணத்தின் பெரும்பகுதி வாடகையிலும் வரியிலும் கரையும். மழை நன்றாகப் பெய்த ஊருக்கும் பொய்த்த ஊருக்கும் நடுவில் நூறு இருநூறு கிலோமீட்டர்தான் இருக்கும். தானியம் பெரும்பாலும் சந்தையில் கிடைக்கும், வாங்கப் பணம்தான் இருக்காது. அரிசி அங்கே அன்றாடச் சாப்பாடும் இல்லை. மக்காச்சோள மாவுக் களி, மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்தது, இவைதான்.

நான் சொல்ல வருவது அறுவடைக்குப் பிறகு நடப்பதைப் பற்றி. வறட்சி வயலில் தின்றது போக, மிஞ்சியதை வண்டும் பூஞ்சணமும் தின்கின்றன. 2004இல் இதே கிதுயி, பக்கத்து மக்குவேனி உள்ளிட்ட மாவட்டங்களில், பூஞ்சணம் சுரக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஏறிய மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் நோயுற்றார்கள், 125 பேர் இறந்தார்கள். வறட்சியில் வாடிய கதிரில் பூஞ்சணம் எளிதாக ஏறும். திருட்டுக்குப் பயந்து, சரியாகக் காயாத தானியத்தை வீட்டுக்குள்ளேயே மூட்டை கட்டி வைத்தபோது அந்த ஈரத்தில் நஞ்சு பெருகியது. ஒருமுறை ஏறிய நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது.

இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. முதலில் தார்ப்பாய். கதிரைத் தரையில் பரப்பாமல் தார்ப்பாயில் காயவைத்தாலே பாதி ஆபத்து குறையும். மக்காச்சோளத்தில் ஈரம் 13.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கருவி இல்லையென்றால் உப்புச் சோதனை. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் கால்பங்கு தானியமும் ஒரு கரண்டி காய்ந்த உப்பும் போட்டு மூடி, இரண்டு மூன்று நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். புட்டியின் உள்சுவரில் உப்புத்தூள் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல், மறுபடி வெயிலில் போட வேண்டும். ஒட்டாவிட்டாலும் இன்னும் ஒரு முழு வெயில் காட்டிவிட்டுக் கட்டுவது நல்லது.

அடுத்தது மூன்றடுக்குச் சாக்கு. உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக் பை, வெளியே நெய்த சாக்கு. 1980களில் கமரூனில் தட்டைப்பயறுக்காக அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் உழவர்களோடு சேர்ந்து உருவாக்கியது. மருந்தே வேண்டாம். உள்ளே மாட்டிய வண்டு இருக்கிற பிராணவாயுவைத் தீர்த்துவிட்டு, தின்ன முடியாமல் அடங்கிப்போகும். ஒவ்வொரு பையையும் தனித்தனியாக முறுக்கி, மடித்து, கயிற்றால் இறுக்க வேண்டும். மூன்றையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டால் காற்று போய்வரும், பயறு மாவாகிவிடும். முதல் சில வாரம் திறக்கவே கூடாது. சுவரில் சாய்க்காமல் பலகை மேல் வைக்க வேண்டும், எலி ஒரு ஓட்டை போட்டால் போதும், அத்தனையும் வீண். ஈரத் தானியத்தை இதில் கட்டினால் உள்ளேயே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

சாக்கின் பலன் வண்டு சாவதோடு நிற்பதில்லை. அறுவடை வாரத்தில் எல்லாரும் விற்பார்கள், விலை தரையில் கிடக்கும். நாலைந்து மாதம் வைத்திருக்க முடிந்தவருக்கு நல்ல விலை. வைத்திருக்க முடியாதவர், விற்ற அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கிச் சாப்பிடுவார்.

விதை பற்றி ஒரு வார்த்தை. கம்பும் சோளமும் கேழ்வரகும் ஆப்பிரிக்காவில் பிறந்து நம் பாட்டிமார் அடுப்புக்கு வந்தவை. மக்காச்சோளத்தை விட்டு அவற்றுக்குத் திரும்புங்கள் என்று உபதேசம் செய்வது எளிது. ஆனால் சோளம் பால்பிடிக்கும் நேரத்தில் குவேலியா என்ற சிவந்த மூக்குக் குருவி கூட்டம் கூட்டமாக இறங்கி, சில நாளில் வயலை மொட்டையடித்துவிடும். காவலுக்கு ஆள் வேண்டும், பெரும்பாலும் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைதான் அந்த ஆள். இதனால்தான் மக்கள் மக்காச்சோளத்தை விடுவதில்லை. குருவித் தொல்லை இல்லாத பாசிப்பயறு கிதுயியில் நன்றாக எடுபட்டிருக்கிறது. 60, 70 நாளில் கைக்கு வரும், சந்தையும் உண்டு.

பிறை கணக்காளர்

அந்தப் பெண்கள் குழுவுக்குச் சேமிப்புப் பெட்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சிமெண்டை நம்பி ஒப்படைக்கலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

நம்மவர்கள் தோட்டக் காலத்திலிருந்து கூட்டு, அதாவது சீட்டு, பிடித்தவர்கள். நம் சொல்லே மலேசியச் சட்டத்தில் ஏறி, 1971இல் கூட்டுப் பணத்தைத் தடைசெய்யும் சட்டமாக வந்தது. அங்கே இருப்பது வேறு முறை. கூட்டில் ஒவ்வொரு தவணையும் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துப் போவார். பெட்டி முறையில் பணம் உள்ளேயே கடனாகச் சுழன்று, ஆண்டு முடிவில் அவரவர் பங்குக்கு ஏற்ப வட்டியோடு பிரியும். 1991இல் நைஜர் நாட்டின் மராடி வட்டாரத்தில் கேர் என்ற தொண்டு நிறுவனம் பெண்களோடு தொடங்கியது, பிறகு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது.

15 முதல் 25 பேர். ஒரு பங்கின் விலையைக் குழுவிலேயே மிக ஏழையான பெண், மிக மோசமான வாரத்திலும் ஒன்று வாங்கக்கூடிய அளவில் வைக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் ஒருவர் ஒன்று முதல் ஐந்து பங்கு வாங்கலாம். பங்குக்கு ஒரு முத்திரை புத்தகத்தில் குத்தப்படும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் எண்ணிப் பார்க்கலாம். பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி மூன்று வீட்டில், பெட்டி நான்காவது வீட்டில். பணம் எல்லார் முன்னும் எண்ணப்படும். கூட்டம் முடியும்போது இருப்பைச் சத்தமாகச் சொல்வார்கள், அடுத்த வாரம் பூட்டைத் திறக்கும் முன் அதையே எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும். தன் சேமிப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் யாருக்கும் கடன் கிடையாது. சாவு, நோய் போன்றவற்றுக்குத் தனிப் பையில் உதவிநிதி.

செந்தூல் நண்பர்களே, ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: உங்கள் பணத்தில் ஒரு ரிங்கிட்கூட அந்தப் பெட்டிக்குள் போகக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரியின் காசு என்றால் திருப்பிக் கட்டுவார்கள். வெளியூர்த் தருமம் கலந்துவிட்டால் கட்டவேண்டும் என்ற கட்டாயம் தளரும், நன்றாக ஓடிய பெட்டி இரண்டு வருடத்தில் படுத்துவிடும். பெட்டி, பூட்டு, புத்தகம், முத்திரை, பயிற்சியாளரின் படி, இவற்றுக்குக் கொடுங்கள், போதும். பணம் பிரிக்கும் மாதத்தை அக்டோபர் விதைப்புக்குக் கொஞ்சம் முன்னால் வைக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பெட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. நோய் ஒரு வீட்டைத் தாக்கினால் மற்ற 24 வீடும் தாங்கும். வறட்சி எல்லா வீட்டையும் ஒரே மாதத்தில் தாக்கும். எல்லாரும் ஆட்டை ஒரே சந்தைக்கு ஓட்டிப் போவார்கள், ஆட்டு விலை விழும், தானிய விலை ஏறும். பட்டர்வொர்த் தம்பி கேட்ட உடனடி உதவிக்கு இதுதான் இடம், அதைப் பணமாகக் கொடுங்கள். 2007 முதல் அங்கே எம்பெசா இருக்கிறது, கைப்பேசிக்கே பணம் போய்விடும். எப்போது அனுப்புவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2010 கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை பொய்த்தபோதே எச்சரிக்கைகள் வந்தன. தெற்குச் சோமாலியாவில் பஞ்சம் என்று ஐக்கிய நாடுகள் அறிவித்தது 2011 ஜூலை 20இல். அந்தப் பேரிடரில் ஏறக்குறைய 260,000 பேர் மாண்டார்கள், அதில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குக் கீழே. படம் தொலைக்காட்சியில் வரும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். கென்யாவின் தேசிய வறட்சி மேலாண்மை ஆணையம் மாவட்டவாரியாக மாதந்தோறும் நிலவர அறிக்கை வெளியிடுகிறது, கிதுயிக்கும் உண்டு. இயல்பு, விழிப்பு, அபாயம், அவசரம் என்று படிகள். 4,000 ரிங்கிட்டைத் தொடாமல் வைத்திருந்து, விழிப்பிலிருந்து அபாயத்துக்கு ஏறும் மாதத்தில் அனுப்புங்கள். யாருக்கு என்பதைக் குழு பொதுக் கூட்டத்தில் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கட்டும்.

நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. பந்தலுக்கென்று கொடுத்த பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவதால் உறுப்பினர் கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சங்கப் பதிவிலாகாவில் உள்ள உங்கள் சட்டவிதிகளின் நோக்கத்தில் இது அடங்குகிறதா என்றும் பாருங்கள். தெருவில் இறங்கி மேலும் வசூலிப்பதானால் காவல்துறை உரிமம் வேண்டும். பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பவே கூடாது. குழுவின் பதிவுச் சான்றிதழ், மூவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு, முதல் தவணைக்கான ரசீது, பிறகுதான் இரண்டாம் தவணை.

செந்தூல்வாசி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அச்செடுத்துச் செயலவையில் படித்தோம். பெயர்ப் பலகையைப் பற்றி இனி யாரும் பேசவில்லை. குழுவிடமும் கேட்டுவிட்டேன். பெட்டி இருக்கிறது, 22 பேர், நான்காவது ஆண்டு ஓடுகிறது.

நீர்ப்பொறியாளர் ஐயா, ஒரு சந்தேகம். இந்தத் தொகைக்கு முழு அணை வராது என்றால், எதிலிருந்து தொடங்குவது? புர்கினா ஃபாசோவில் குழி வெட்டி எரு போட்டு விளைவிப்பதாகச் சொல்கிறார்களே, அது இங்கே ஆகுமா?

செத்தாப்பாக் நீர்ப்பொறியாளர்

நீங்கள் சொல்வது ஸாய் குழி. யாத்தெங்கா வட்டாரத்தில் யாக்கூபா சவடோகோ என்ற உழவர் அதைப் பெரிதாக்கிச் செய்துகாட்டினார், 2018இல் அதற்காக உலக அளவில் விருதும் பெற்றார். 20, 30 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம், குழிக்கு ஓரிரண்டு கைப்பிடி எரு. ஹெக்டேருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் குழி வெட்ட வேண்டும். மேல்மண் ஓடுபோல் இறுகிப்போன தட்டை நிலத்துக்கு அது அருமை. கிதுயி மேடும் சரிவுமான ஊர், அங்கே முதல் தேவை சரிவில் ஓடும் தண்ணீரை நிறுத்துவது.

அதனால் அணைக்கு முன்னால் மேட்டில் வரப்பு. இதைத் தலைகீழாகச் செய்து கெட்டவர்கள் நிறைய. மேலே வயல் அரித்துக்கொண்டிருந்தால் ஆறு வண்டலைத்தான் கொண்டுவரும், அணை நிரம்பும், தண்ணீர் வராது. அந்த வட்டாரத்து முறைக்கு ஃபான்யா ஜூ என்று பெயர், சுவாஹிலியில் மேலே போடு என்று பொருள். சமமட்டக் கோட்டில் 60 சென்டிமீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டி, மண்ணைப் பள்ளப்பக்கம் தள்ளாமல் மேட்டுப்பக்கம் தூக்கிப் போட வேண்டும். வாய்க்காலுக்கும் வரப்புக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விடாவிட்டால் மண் திரும்ப உள்ளேயே சரியும். வரப்பு மேல் மாட்டுத்தீவனப் புல் நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். புல் நடாத வரப்பு முதல் பெருமழைக்கு மேல் நிற்காது. சில வருடங்களில் வரப்புக்கு மேற்பக்கம் மண் சேர்ந்து சேர்ந்து நிலமே படிக்கட்டாகிவிடும்.

கோடு பிசகினால் எல்லாம் கெட்டது. தாழ்ந்த முனையில் தண்ணீர் கூடி, வரப்பை உடைத்து, கீழே உள்ள வரப்புகளையும் வரிசையாக அடித்துக்கொண்டு போகும். மட்டம் பார்க்க ஒரே உயரத்தில் குறி போட்ட இரண்டு கம்பு, நடுவே 10 மீட்டர் நூல், நூலின் நட்டநடுவில் தொங்கும் சிறிய ரசமட்டம். ரசமட்டம் நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்கினாலும் பொய் சொல்லும். நூலை இழுத்துப் பிடிக்க இருவர், மட்டம் பார்க்க ஒருவர், முளை அடிக்க ஒருவர்.

ஆக இந்த ஆண்டு மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி, ரசமட்டம், புல் நாற்று, கற்றுக்கொடுப்பவரின் படி, தார்ப்பாயும் சாக்கும். கணக்காளர் சொன்ன 4,000ஐத் தனியே வையுங்கள். மிச்சத்தை அணைக்கென்று வைத்திருந்து, அடுத்த தைப்பூசத்தில் சேர்வதோடு கூட்டி, அங்கே மணல் அணை கட்டிப் பழகிய அமைப்பு ஒன்றோடு பங்குக்குப் போங்கள்.

அதற்கு முன், அடுத்த முறை பேசும்போது வாளிச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஊற்றுத் தோண்டும் இடத்தில் ஒன்று, மேலே 100 மீட்டர் தள்ளி ஒன்று, கீழே ஒன்று. மூன்றிலும் எத்தனை லிட்டர் வடிந்தது என்று இங்கே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.